தண்ணீர் வரிசை

என் அண்ணிக்கு இப்போது ஊசிக்காரி என்று பேர். கடையில் நின்றால் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். பேருந்தில் ஏறினால் காதுபடவே சொல்கிறார்கள். சுற்றுவட்டாரத்து ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் அவரால்தான் போயிற்றாம். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நடந்தது என்ன என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்தச் சோதனைக்கு வந்த இலைகளையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து நறுக்கியவளே நான்தான். இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் வரட்டும்.

அண்ணி தையல்காரர் வீட்டுப் பெண். ஆறு பிள்ளைகளில் நான்காவது. அவர்கள் வீட்டில் முட்டை வேகவைத்தால் ஆண்பிள்ளைகளுக்கு முழு முட்டை, பெண்பிள்ளைகளுக்கு வாசனை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே, வெந்த முட்டையைத் தையல் நூலால் சரிபாதியாக அறுத்து எல்லோர் தட்டிலும் வைத்தார். என் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவன் தோட்டத்துல வேலை செய்யறவன்மா, அவனுக்கு முழுசா வையி" என்றார். "எல்லாரும்தான் வேலை செய்யறோம், அத்தை" என்று சொல்லிவிட்டு அண்ணி பாட்டுக்கு அடுத்த முட்டையை எடுத்து அறுத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கூடப்பிறந்த அண்ணனை நான் அவன் இவன் என்றுதான் பேசுவேன். அண்ணியை மட்டும் இன்றுவரை வாய் தவறியும் நீ என்று சொன்னதில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தோட்டத்தை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டான், வெட்டினான், கொத்தினான், தண்ணீர் விட்டான், அவ்வளவுதான். மரங்களுக்கு நடுவே பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது அண்ணி வந்த பிறகுதான். ஆரஞ்சு மரத்தை முன்னே பின்னே பார்த்திராதவர், இரண்டே வருஷத்தில் எந்த மரம் எப்போது பூக்கும், எது ஏமாற்றும் என்று தெரிந்து வைத்துக்கொண்டார். அதோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பேர். காய்க்க மறுத்த மரம் சோம்பேறி. காற்றடித்தால் கிளையை ஒடித்துக்கொள்ளும் மரம் அழுமூஞ்சி. முள் அதிகமுள்ள ஒரு மரத்துக்கு நாத்தனார் என்று பேர் வைத்திருந்தார். "இது என்ன அண்ணி, நியாயமா?" என்று கேட்டேன். "பாசத்துல வச்சதும்மா" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பிள்ளைகள் அவர்களுக்கு இல்லை. அதை வைத்து மரங்களைப் பிள்ளைகளாக வளர்த்தார் என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரத்தை மரமாகத்தான் வளர்த்தார். வயிற்றுப் பிழைப்பு அது. பழம் விற்றால் அடுப்பு எரியும், விற்காவிட்டால் எரியாது.

அந்தப் பிழைப்பில்தான் நோய் வந்து விழுந்தது. பச்சை நோய் என்பார்கள். எள்ளளவு பூச்சி ஒன்று தளிரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும்போது ஒரு கிருமியை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது. அது மரம் தன் சாப்பாட்டைக் கொண்டுபோகும் நரம்புகளை அடைத்துவிடும். இலையில் ஒரு பாதி மஞ்சள், ஒரு பாதி பச்சை என்று திட்டுத் திட்டாக வரும். பழம் கோணிக்கொண்டு, காம்புப் பக்கம் பழுத்து, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். வாயில் வைத்தால் கசக்கும். பிறகு உதிரும். நாலைந்து வருஷத்தில் மரம் விறகு. எங்கள் பக்கத்தில் முதலில் ஒரு தோட்டம், அடுத்த மழைக்குள் ஏழெட்டுத் தோட்டம் என்று பரவியது. நோய் கண்ட தோட்டத்தை வேரோடு எடுத்து எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மற்ற தோட்டங்களுக்கும் தொற்றும் என்று விவசாய அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது.

அண்ணன் தோட்டத்திலும் மஞ்சள் இலை வந்தது. ஒரு பை நிறைய இலையைப் பறித்துக்கொண்டு அண்ணி என்னிடம் ஆய்வு நிலையத்துக்கே வந்துவிட்டார். நான் அங்கே ஆய்வுக்கூட உதவியாளர். இலையின் நடு நரம்பைப் பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, அரைத்து, வடித்து, மெஷினில் ஏற்றுவது என் வேலை. மெஷின் ஒரு எண்ணைக் காட்டும். எண் கூடினால் கிருமி குறைவு, எண் குறைந்தால் கிருமி அதிகம். இந்தத் தலைகீழ்க் கணக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் கடைசிவரை புரியவில்லை. அன்று வந்த எண் ரொம்பச் சின்னது. "சின்ன நம்பராத்தானே வந்திருக்கு, நல்லதுதானே?" என்று கேட்டார் அண்ணி. நான் அவரை வெளியே கூட்டிப்போய், வண்டி நிறுத்தும் கொட்டகையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டாக்டரம்மா ஒரு சோதனைக்குத் தோட்டம் தேடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வைத்தியர் அல்ல, கிருமிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். மதியச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிறவர். மாட்டுக் காய்ச்சலுக்குப் போடும் கிருமி மருந்து ஒன்றை மரத்துக்கு ஏற்றபடி கலக்கி, அடிமரத்தில் துளை போட்டுச் செலுத்தினால் மரம் தேறும் என்பது அவர் நம்பிக்கை. ஆய்வுக்கூடத்தில் தொட்டி மரங்களுக்குப் போட்டுப் பார்த்ததில் தேறியும் இருந்தன. ஆனால் தோட்டத்தில் இரண்டு வருஷம் போட்டுக் காட்டினால்தான் மருந்துக்கு அனுமதி கிடைக்கும். அனுமதி இல்லாமல் போட்டால் அந்தப் பழத்தை எந்த வியாபாரியும் தொட மாட்டான். அனுமதி வந்துவிட்டால் வெட்டும் உத்தரவையே நிறுத்திவிடலாம். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் அந்த ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நம்பினார்களே தவிர, தோட்டம் தர ஒருவரும் முன்வரவில்லை. காரணம், பாதி வரிசைக்கு மருந்து, பாதி வரிசைக்கு வெறும் தண்ணீர். "என் மரத்துல பாதியைச் சாகக் குடுக்கணுமா? வேற ஆளைப் பாருங்க" என்று கத்திவிட்டுப் போனார் சத்தக்காரர். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டக்காரர் அவர், மெதுவாகப் பேசவே தெரியாத மனிதர். சோதனை முடியும்வரை சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தையும் வெட்ட மாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அண்ணி சரி என்றார். அண்ணன் தலையை ஆட்டினான்.

டாக்டரம்மா தோட்டத்துக்கே வந்து எல்லாவற்றையும் விளக்கினார். அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தத் தண்ணி வரிசை எதுக்கும்மா? எல்லாத்துக்கும் மருந்தே போட்டுட்டா என்ன?"

"எல்லாத்துக்கும் போட்டு எல்லாம் தேறிடுச்சுன்னா, மருந்தால தேறுச்சா, நல்ல மழை பெஞ்சதால தேறுச்சான்னு யாருக்குத் தெரியும்? போடாத மரம் பக்கத்துல இருந்தாத்தான் கேக்கறவங்க நம்புவாங்க."

"அப்போ அந்த மரம்?"

டாக்டரம்மா பக்கத்து மரத்தின் மஞ்சள் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "அது பாவம்தான்" என்றார். அண்ணி அதற்கு மேல் கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

எந்த வரிசைக்கு மருந்து, எந்த வரிசைக்குத் தண்ணீர் என்பது டாக்டரம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, துளை போட வந்த ஆளுக்கும் தெரியாது. தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு வந்ததெல்லாம் சிவப்பு மூடி போட்ட குழாய்களும் வெள்ளை மூடி போட்ட குழாய்களும்தான். மருந்து மஞ்சள் நிறம் என்பதால் தண்ணீரிலும் மஞ்சள் சாயம் கலந்திருந்தார்கள். துளைக்காரர் அடிமரத்தில் பென்சில் மொத்தத்துக்குத் துளை போட்டு, குழாயைச் செருகிவிட்டுப் போவார். மரம் தன்போக்கில் குடிக்கும். மறுநாள் வந்து குழாயை எடுத்துக்கொண்டு, துளையை மெழுகால் அடைத்துவிட்டுப் போவார். முள் மரம், அதாவது நாத்தனார், வெள்ளை மூடி வரிசையில் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது எனக்கு அப்போது தெரியாது. அண்ணியே பின்னால் சொன்னது. இங்கேயே சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

குழாய்கள் மரத்தில் இருந்த அந்த முதல் நாளே அண்ணி வரிசைக்கு வரிசை போய், குழாயின் நுனியில் கசிந்த சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். சிவப்பு மூடி கசந்தது. வெள்ளை மூடியில் ஒரு ருசியும் இல்லை. அவ்வளவுதான். தலைமை அலுவலகம் பூட்டி வைத்த ரகசியம் அரை மணி நேரத்தில் ஒரு நாக்குக்குத் தெரிந்துபோயிற்று.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாராம். வெள்ளை மூடி வரிசைப் பக்கம் போகவே கால் வரவில்லையாம். அப்புறம் மாட்டு மருந்துக் கடைக்குப் போய், டாக்டரம்மா பேச்சுவாக்கில் சொன்ன அதே மருந்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. கடைக்காரர் பாட்டில்களை எடுத்து வைத்துவிட்டு, "எத்தனை மாடும்மா?" என்று கேட்டிருக்கிறார். "நிறைய இருக்குங்க" என்றாராம் அண்ணி. "எல்லாத்துக்கும் ஒரே நேரத்துலயா காய்ச்சல்?" "எல்லாத்துக்கும் இல்லீங்க, பாதிக்குத்தான்." இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அண்ணி லேசாகச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் சந்தைக்குப் போகும் நாளாகப் பார்த்து, கொண்டையில் செருகிய ஊக்கை எடுத்து வெள்ளை மூடி வரிசைத் துளைகளின் மெழுகைத் தோண்டினார். ஊசிக் குழலால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மரம் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மெழுகுவர்த்தியை உருக்கி மறுபடி அடைத்தார். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. "ஏற்கெனவே இருக்கற காயம் போதும்னு பாத்தேன்" என்றார் என்னிடம். துளைக்காரர் வந்துபோகும் ஒவ்வொரு முறையும், ஒரு வாரம் கழித்து அண்ணியும் ஒரு சுற்று போனார். இப்படியே இரண்டு வருஷம்.

இந்தப் பக்கம் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரே கொண்டாட்டம். இலைப் பொட்டலங்களில் வெறும் எண் மட்டும்தான் இருக்கும், எந்த வரிசை என்று இருக்காது. ஆனால் எல்லாம் அண்ணன் தோட்டத்து இலைகள் என்று எனக்குத் தெரியும். முதல் வருஷக் கடைசியில் மெஷின் எண்கள் ஏற ஆரம்பித்தன. ஒன்று இரண்டு அல்ல, எடுத்த பொட்டலமெல்லாம் ஏறியது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எண்களைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் பார்த்தார். மறுபடி பார்த்தார். "எல்லாமே நல்லா இருக்கக் கூடாதே" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "நல்லா இருந்தாலும் குத்தமா மேடம்?" என்று கேட்டேன்.

"பாதி மோசமா இருக்கணும்மா. மோசமா இல்லைன்னா எங்கேயோ தப்பு."

மெஷினைச் சரிபார்க்கச் சொன்னார், பார்த்தேன். மெஷினுக்குக் கலக்கும் ரசாயனப் பாட்டில்களை மாற்றிப் பழைய இலைகளைத் திரும்ப ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். என் கையைச் சந்தேகப்பட்டு, பக்கத்து மேசைப் பெண்ணையும் நறுக்கச் சொன்னார். அந்தக் கோபம் எனக்குப் பல நாள் இருந்தது. யார் நறுக்கினாலும் எண் ஒன்றுபோலத்தான் வந்தது. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. அதனால் மரங்கள் தாமாகவே தேறிக்கொண்டிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவர் குரலில் உயிரே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனால் அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். "இதப் பாரு, தளிர் விட்டிருக்கு. அதப் பாரு, கோணாம காய்ச்சிருக்கு." சோதனைப் பழத்தை விற்கக் கூடாது, பறித்துக் குழியில் கொட்டிப் புதைக்க வேண்டும். அண்ணனும் அண்ணியும் கூலிக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டிக்கொண்டு, நல்ல பழத்தை மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்த இரண்டு வருஷம் அண்ணி முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "அனுமதி வந்துரும்ல?" என்று போகும்போதெல்லாம் கேட்பார். வந்துவிடும் என்றுதான் நானும் சொல்வேன்.

சோதனை முடிந்து, எந்த நிறம் எது என்ற விவரம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. டாக்டரம்மாவும் நானும் உட்கார்ந்து எண்களை இரண்டு பக்கமாகப் பிரித்தோம். மருந்து வரிசையின் சராசரியும் தண்ணீர் வரிசையின் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்று. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "மருந்து வேலை செய்யலம்மா" என்றார். அவருடைய எட்டு வருஷ உழைப்பு அது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை.

முடிவைச் சொல்வதற்காகத் தோட்டக்காரர்களை நிலையத்துக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அண்ணனும் அண்ணியும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன். முடிவை முன்னாலேயே யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி, அதனால் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "மருந்து போட்ட மரத்துக்கும் தண்ணி போட்ட மரத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்ல. இந்த மருந்துக்கு அனுமதி கேக்க எங்ககிட்ட ஆதாரம் இல்ல. மன்னிச்சுக்குங்க."

"அப்போ எங்க மரம்?" என்று கத்தினார் சத்தக்காரர். "வெட்ட வேண்டியதுதானா? சும்மா கையைக் கட்டிட்டு நிக்கவா?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் அண்ணி எழுந்துவிட்டார்.

"தண்ணி போட்ட மரமே அங்க கிடையாதும்மா."

"என்ன சொல்றீங்க?"

"எல்லாத்துக்கும் மருந்து போட்டாச்சு. வெள்ளை மூடி வரிசைக்கு நான் போட்டேன். மாட்டு மருந்துக் கடையில வாங்கி நான்தான் போட்டேன். மருந்து வேலை செய்யுதும்மா. வேலை செய்யலைன்னு சொல்லாதீங்க."

அண்ணன் தலை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அதுவரை அவனுக்கும் தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். "பைத்தியக்காரி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தக்காரர் மட்டும் கத்தவில்லை. அண்ணியின் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "எங்க மரத்தையும் சேத்துக் கொன்னுட்டியேம்மா" என்றார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன்.

டாக்டரம்மா எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எப்போது போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணி ஒளிக்காமல் சொன்னார். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது, நான் பார்த்தேன். அவருடைய மருந்து வேலை செய்திருக்கிறது. மறுகணமே அந்த மலர்ச்சி போய்விட்டது.

"இதையே எழுதி அனுப்புங்கம்மா, நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார் அண்ணி.

"உங்க பேச்சை நான் நம்பறேன். நான் நம்பி என்ன பிரயோஜனம்? மேல இருக்கறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மருந்து போடாத மரம் எங்கேன்னு கேப்பாங்க."

"பக்கத்துத் தோட்டத்துல செத்துட்டே வருதே, அதைக் காட்டக் கூடாதா?"

"அது வேற மண்ணு, வேற வயசு, வேற ஆள் பாத்துக்கற மரம். உங்க மரத்துக்குப் பக்கத்துலயே நின்னு, அதே மழையில நனைஞ்சு, செத்துப்போன மரம் ஒண்ணு வேணும். உங்க தோட்டத்துல அது இல்ல."

வேறு தோட்டத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவரை வெட்டாமல் நிறுத்திவைக்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார். சோதனை நடக்கும்வரைதான் விலக்கு, சோதனையே செல்லாது என்றால் விலக்கும் செல்லாது என்று பதில் வந்தது. மரம் தேறியிருக்கிறதே என்று கேட்டதற்கு, தேறினாலும் உள்ளே கிருமி இருக்கிறது, பூச்சி உட்கார்ந்தால் பரவும் என்றார்கள். அதுவும் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர்மேலும் கோபப்பட்டேன்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன அன்றே அண்ணியைக் கிழி கிழி என்று கிழித்தேன். "உங்களுக்குப் புத்தி கெட்டா போச்சு? அன்னிக்கே அவ்வளவு விளக்கமா சொன்னாங்களே, காதுல விழலையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்ட" என்றார் அண்ணி. உண்மைதான், விட்டிருக்க மாட்டேன்.

"தெரிஞ்சுதானே பண்ணுனீங்க?"

"தெரிஞ்சுதான். ஆனா தெனமும் காலையில எழுந்து அந்த வரிசையைத் தாண்டித்தானே போகணும் நான்? கையில மருந்தை வச்சுக்கிட்டு, உனக்கு இல்ல போன்னு சொல்லிட்டு எப்படித் தாண்டறது? மருந்து நல்லதா இருந்தா எல்லாம் பொழைக்கும், அவங்களுக்கும் நல்ல பேருதானே வரும்னு நெனைச்சேன். எல்லாம் பொழைச்சாத் தப்புன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "போதும் விடு, பாப்பா" என்றான். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, இன்னும் அவனுக்கு நான் பாப்பா. அப்புறம் அண்ணியைப் பார்த்து, "என்கிட்ட சொல்லியிருந்தா மெழுகை நானே தோண்டிக் குடுத்திருப்பேன். ஊக்குல தோண்டிக் கை என்ன பாடு பட்டிருக்கும்" என்றான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அண்ணி கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு தோட்டமாக வெட்டினார்கள். சத்தக்காரர் தோட்டம் எங்களுக்கு முன்னால் போயிற்று. அவர் குடும்பத்தோடு மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது எங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அண்ணி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அண்ணி தன் முறை வந்ததும் பிடித்துக்கொண்டு வந்தார். நானாக இருந்தால் குடத்தாலேயே நாலு போட்டிருப்பேன்.

எங்கள் தோட்டத்தை வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் டாக்டரம்மா என்னை அனுப்பிக் கடைசியாக ஒருமுறை இலை எடுத்துவரச் சொன்னார். செல்லாத சோதனைக்கு எதற்கு இலை என்று நான் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும். இரண்டு விதமான வரிசைகளிலிருந்தும் எடுத்தேன். நறுக்கினேன், ஓட்டினேன், எண்களைக் குறித்துக் கொடுத்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

வெட்டும் நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இயந்திரம் ஒரு கையால் மரத்தைப் பிடித்து அசைத்து, வேரோடு தூக்கிப் பக்கத்தில் போட்டது. ஒரு மரத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கிளையில் காய்கள் இருந்தன. கோணலில்லாத நல்ல காய்கள். அண்ணன் எரிப்பதற்காக மரங்களை இழுத்துக் குவிக்கும் ஆட்களோடு சேர்ந்துகொண்டு அவனும் இழுத்துக்கொண்டிருந்தான். சும்மா நிற்க அவனால் முடியவில்லை போல. அண்ணியும் நானும் பம்புக் கொட்டகை நிழலில் நின்றோம். அவர் அழவில்லை. அழுதாலாவது நான் பிடித்துக்கொள்ளலாம்.

"முந்தாநாள் இலை எடுத்துட்டுப் போனியே, என்ன வந்துச்சு?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். எண் குறைந்துபோயிற்று, மரம் எப்படியும் செத்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

"இதுவரைக்கும் வந்ததுலயே நல்ல நம்பர் அண்ணி."

"பெரிய நம்பரா?"

"பெரிய நம்பர்தான்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வரிசையின் கடைசி மரத்தைத் தூக்கியது. வேரிலிருந்து மண் உதிர்ந்து விழுந்தது.

"அப்போ ஒண்ணே ஒண்ணையாவது சாக விட்டிருக்கணும், இல்ல?" என்றார் அண்ணி.

இயந்திரம் திரும்பி அடுத்த வரிசைக்கு வந்தது.